சுக்கான் தெருவில் நனையாதவர்கள்

சுக்கான் தெருவில் தேங்குகிற தண்ணீர், வேலை நேரத்தில் இருக்கும் அரசாங்க ஆட்களை மட்டும் நனைப்பதில்லை என்று தெரியவந்தது ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு. இரண்டு நாள் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. தெருவின் நூற்றுப்பதினாறு வீடுகளிலும் அடுப்பில் தண்ணீர், அரிசிப் பானையில் தண்ணீர், சாமிப் படங்களின் பாதத்தில் தண்ணீர். கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து, கட்டில்மேல் பெட்டியை ஏற்றி, பெட்டிமேல் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நகராட்சி உதவிப் பொறியாளர் சந்தானகோபாலன் ஜீப்பிலிருந்து இறங்கி, கறுப்புத் தோல் ஷூவும் மடிப்புக் கலையாத பேண்ட்டுமாக, முழங்கால் தண்ணீருக்குள் தெருக்கோடிவரை நடந்துபோய், அதே வழியில் திரும்பி வந்து, ஜீப்பின் படியில் காலைத் தூக்கி வைத்தார். ஷூவின் பாலிஷ்கூட மங்கவில்லை. தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஒரு விரற்கடை ஒதுங்கி நின்று வழிவிட்டது, அவர் போனதும் மறுபடி கூடிக்கொண்டது.

"தண்ணி நிக்குதுன்னு போன் பண்ணது யாரும்மா?" என்று கேட்டார். காலில் படாதது அவர் கண்ணிலும் படவில்லை.

புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய ஆச்சரியமெல்லாம் யாருக்கும் இல்லை. மூலைவீட்டு மீன்காரி தனக்கோட்டிதான் வாயைத் திறந்தாள்: "இன்னிக்கு வரைக்கும் இவங்க மேல எதுதான் ஒட்டிகீது, தண்ணி ஒட்றதுக்கு?"

பொறியாளருக்குப் பின்னால் ஆளுயர அளவுகோலைத் தோளில் சாத்திக்கொண்டு போய்வந்த வனரோஜாவின் காலும் நனைந்திருக்கவில்லை. ஆனால் அவள் அதே தெருவின் நாற்பத்தோராம் எண் வீட்டுக்காரி. தனக்கோட்டி அவளுக்கு அம்மாவின் தங்கை, தொத்தா. தெருவே அவளைத் தொத்தா என்றுதான் கூப்பிடும். தன் காய்ந்த காலைத் தொத்தா பார்த்த பார்வையை வனரோஜா அன்று முழுக்க எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டிருந்தாள்.

இங்கிருந்து தொடங்கினால் பாதி அநியாயம் விட்டுப்போகும், ஆகவே ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும். அதற்கும் முன்னால் நாற்பது வருஷமாக அந்த நகராட்சி சுக்கான் தெருவுக்குச் செய்த ஒரே காரியம், பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டது. போட்டார்கள், போட்டார்கள், தேர்தலுக்குத் தேர்தல் போட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போன தனக்கோட்டி, இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறாள். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிறகு ஒருநாள், கடலோரத் தெருக்களையெல்லாம் மேம்படுத்தப் போகிறோம் என்று பெரிய பலகை நட்டார்கள். அந்தப் பலகையில், ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு மழைநீர் வடிகால், அதன் தலைமேலேயே சிவப்பும் மஞ்சளுமாக டைல்ஸ் பதித்த நடைபாதை, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி, மீன் உருவத்தில் விளக்குக் கம்பங்கள், எல்லாம் வரைந்திருந்தது. நிழல் மரத்தின் கீழ் வெள்ளைக்கார ஜோடி ஒன்று நாயைப் பிடித்துக்கொண்டு உலாவியது. மீன் கூடையோடு ஒரு பெண்பிள்ளை அந்தப் படத்தில் எங்கும் இல்லை. இல்லாதபோதே சுதாரித்திருக்க வேண்டும்.

வடிகாலுக்கு மட்டம் பார்க்க வந்தபோது வனரோஜா நகராட்சியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. வேலை என்று பார்த்தால், அளவுகோலைப் பிடிப்பது. குழிக்குள் இறங்கிக் கோலை நிறுத்தி அளவைக் கூவுவாள். மேலே நின்று சந்தானகோபாலன் தலை நிமிராமல் அதை அளவுப் புத்தகத்தில் எழுதுவார். புருஷன் லோகு, வலை இழுத்து முதுகெலும்பு பிசகி, கடலுக்குப் போவதை விட்டுக் கட்டிலோடு கிடந்தான். கொஞ்ச காலத்தில் வேலையை நிரந்தரம் பண்ணிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதை நம்பினாள், வேறு எதை நம்புவாள்?

கடற்கரையில், வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட மட்டக்கல் ஒன்று இருந்தது. கடல்மட்டத்திலிருந்து இந்தக் கல் இத்தனை உயரம் என்று எண் வெட்டிய கல். முன்னொரு புயலில் கரையில் இருந்த சகலமும் போய் அந்தக் கல் மட்டும் நின்றதால், சுக்கான் தெருப் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, கயிறு கட்டி, கல்லாத்தா என்று பேர் வைத்துக் கும்பிட்டார்கள். வனரோஜாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, ஆத்தாவை நாய் முகருகிறது என்று ஊர் கூடிப் பேசி, கல்லைப் பெயர்த்தெடுத்து, மூன்றடிக்குச் செங்கல் மேடை கட்டி, மேளதாளத்தோடு மேலே ஏற்றி வைத்தார்கள். ஆத்தா உயர்ந்தாள். அவள் மேல் வெட்டியிருந்த எண் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கல்லை வைத்துத்தான் கடலோரத்து மட்டத்தைக் கணக்குப் போட வந்தார்கள் பொறியாளர்கள்.

"சார், இது எங்க ஆத்தா சார்" என்றாள் வனரோஜா, கோலைக் கையில் வைத்துக்கொண்டு.

"கல்லுல நம்பர் இருக்குல்ல? புடிம்மா, வெயில் ஏறுது."

நாங்கள்தான் சார் தூக்கி வைத்தோம், இது கீழே இருந்த கல் என்கிற மிச்ச வாக்கியம் அவள் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இருபது நாள். எதிர்த்துப் பேசுகிற பொம்பளை என்று பேர் வந்துவிடுமோ என்கிற பயம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் தலையில் கோலை நிறுத்தினாள். அவர் கண்ணாடிக் குழலில் பார்த்து எழுதிக்கொண்டார். மூன்றடி உயர்ந்துபோன கல்லிலிருந்து அளந்ததால், கடலோரத் தரை மூன்றடி பள்ளமென்று காகிதத்தில் பதிந்தது. தெருவின் மறுகோடியில் பள்ளிக்கூடத்துப் பக்கம் வேறொரு கல். அது ஒழுங்காகப் பூமியில் கிடந்தது. இரண்டையும் ஒருதரம் ஒத்துப் பார்த்திருந்தால் போதும். படிப்பதெல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள் அந்த ஒரு காரியத்தைச் செய்யவில்லை. காகிதத்தில் கடலைப் பார்த்துச் சரிந்த வடிகால், பூமியில் கடலிலிருந்து தெருவைப் பார்த்துச் சரிந்தது.

படிக்காத தனக்கோட்டிதான் இதைக் கண்டுபிடித்தாள். வடிகாலின் அடித்தளம் காய்ந்த அன்று, கடலோரக் கோடியில் மீன் கழுவிய தண்ணீரை ஒரு அன்னக்கூடை நிறைய அதில் ஊற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். செதிலும் ரத்தமுமாக அந்தத் தண்ணீர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கமாக ஓடியது.

"சார், நாப்பது வருசமா மீன் கழுவி ஊத்துறேன். தண்ணி எந்தப் பக்கம் போவும்னு எனுக்குத் தெரியாதா? மழைத்தண்ணிய நீ கடலுக்கு அனுப்பல சார், கடலுக்கு வழி வெட்டி ஊட்டுக்குள்ள கூப்டுற."

"பிளான்ல கடல் பக்கம்தாம்மா பள்ளம்" என்றார் சந்தானகோபாலன்.

"அப்ப அந்தப் பிளானைத் தூக்கினு வா, அதுல மீன் கழுவலாம்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். தொத்தா சிரிக்கவில்லை, கோலோடு நின்ற வனரோஜாவைப் பார்த்து, "நீ சொல்லேண்டி, அந்தக் கல்லை நாமதானே தூக்கி வெச்சோம், சொல்லு" என்றாள். வனரோஜா தரையைப் பார்த்தாள். அந்த மௌனத்தின் மேல் காங்கிரீட் போட்டார்கள், காங்கிரீட் மேல் டைல்ஸ் போட்டார்கள், டைல்ஸ் மேல் கல்வெட்டு வைத்து, இந்தத் தெருவில் வெள்ளம் இனி இல்லை என்று பொன்னெழுத்தில் பொறித்தார்கள். கல்வெட்டு வைத்த அந்த வருஷ ஐப்பசியில் மழை வந்தது. கடல் பெருக்கில் இருந்த நேரமாகப் பார்த்து வந்தது. மழையும் கடலும் புது வடிகாலுக்குள் கைகோத்துக்கொண்டு சுக்கான் தெருவுக்குள் நுழைந்தன.

அதிகாரிகள் நனைவதில்லை என்ற விஷயத்தைத் தெரு எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எப்படி எதையும் எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் வாரம் திட்டினார்கள், இரண்டாம் வாரம் சோதித்தார்கள், மூன்றாம் வாரம் அதில் என்ன பிரயோஜனம் என்று பார்த்தார்கள். கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் நனையவில்லை, தபால்காரர் நனையவில்லை, போக்குவரத்துப் போலீஸ்காரர் முட்டிவரை தண்ணீரில் நின்று பூட்ஸுக்குள் பவுடர் போட்ட காலோடு வீட்டுக்குப் போனார். அவர்கள் கையில் இருப்பதும் நனையவில்லை என்று தெரிந்ததும், தபால்காரரிடம் பள்ளிக்கூடப் புத்தகப் பைகளையும் கரண்ட்காரரிடம் அரிசி மூட்டையையும் கொடுத்து மேட்டு ரோட்டில் சேர்க்கச் சொன்னார்கள். பாவம், மறுக்கத் தெரியாத மனிதர்கள், சுமந்தார்கள். ஆனால் நிறைமாதக்காரி ஒருத்தியைப் போலீஸ்காரர் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபோது, அவர் காய்ந்திருக்க, அவர் கையில் ஆகாயத்தில் இருந்தவள் சொட்டச் சொட்ட நனைந்தாள். பொருளென்றால் விட்டுவிடும், ஜனமென்றால் விடாது, அப்படியொரு நியாயம் அந்தத் தண்ணீருக்கு. வடிகாலைக் கட்டிய ஒப்பந்ததாரர் அரசாங்க ஆள் இல்லை, ஆகவே அவர் மட்டும் காரின் கண்ணாடியை இறக்காமலே தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வனரோஜாவின் அடையாள அட்டையை இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தவர்களும் உண்டு. அட்டை காய்ந்தது, ஆள் நனைந்தார். அவளுக்கோ, அட்டையை மாட்டி வேலைக்குக் கிளம்பினால் தண்ணீர் ஒதுங்கும். சாயங்காலம் வாசலில் அதைக் கழற்றிய மறுநொடி, நாள் முழுக்கக் காத்திருந்ததுபோல முழங்காலைக் கவ்வும். ஒவ்வொரு காலையிலும் செங்கல் மேல் நிற்கும் கட்டிலிலிருந்து லோகு சொல்வான்: "மாட்டினு கெளம்பு ரோஜா. ஊட்டுல ஒருத்தராவது காஞ்ச காலோட இருக்கட்டும்." அவன் வஞ்சகமில்லாமல்தான் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வாரம் ஒருமுறை தண்ணீர் அளக்கும் வேலை வந்தது. கோலில் ஈரம் எதுவரை ஏறுகிறதோ அதுதான் அளவு என்பது சட்டம். அரசாங்கக் கோல், தண்ணீர் அதைவிட்டும் ஒரு விரற்கடை தள்ளித்தான் நின்றது. கோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த அந்தச் சந்து வழியே பார்த்தால் தண்ணீர் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதென்று கண்ணிருக்கும் எவருக்கும் தெரியும். ஆனால் கோல் காய்ந்திருந்தது. "ரீடிங்?" என்பார் சந்தானகோபாலன், தலை நிமிராமல். "ஜீரோ சார்" என்பாள் வனரோஜா. அவர் கை எழுதும். பதினெட்டு வருஷமாகக் கூவின அளவை எழுதிய கை அது. காதில் விழுந்த நொடியில் தாளில் விழுந்துவிடும். அளவுப் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பார், அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஒரே விஷயம் அது. அடித்தாலும் அடித்தது தெரிய வேண்டும், தாளைக் கிழித்தால் வேலையே போய்விடும்.

நனைந்த அரசாங்க ஆள் ஒரே ஒருத்தி உண்டு, சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர். முதல்முறை வந்தபோது அவளும் காய்ந்த காலோடுதான் வீடு வீடாகப் போனாள். ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. கடைசி வீட்டு வாசலில் நின்று, நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து, 'தெருவில் தேங்கிய கழிவுநீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடுவதற்குள் அவள் வெள்ளைப் புடவை தொடைவரை நனைந்துவிட்டது. "ஏசுவே!" என்று ஒரு சத்தம் போட்டவள், அப்புறம் சிரித்துக்கொண்டே பிழிந்துகொண்டு போனாள். அடுத்த மாதம் அவளை எங்கோ மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள். வனரோஜா இதையும் பார்த்தாள், பார்த்து மனசுக்குள் போட்டுப் பூட்டிவைத்தாள்.

கார்த்திகையில் இரண்டாம் மழை. தண்ணீர் தொடைக்கு மேல். விடிந்து அரைமணி ஆகியிருக்கும், கரையில் ஏலம் முடிந்து, தலையில் கூடையோடு தனக்கோட்டி நடைபாதை வழியாக வந்தாள். ரோட்டில் குழி இருக்கும், நடைபாதைதான் பத்திரம் என்று நகராட்சியே பலகை வைத்திருந்தது. அந்த நடைபாதையில், அவளுடைய மூலையிலேயே, வடிகாலின் ஒரு வாய்க்கு மூடி இல்லை. காகிதத்தில் மூடி இருந்தது. அவள் கால் வைத்தது காகிதத்தில் இல்லை. கூடை மட்டும் தண்ணீரில் மிதந்து சுழன்றது என்று எதிர்வீட்டு அமுலு சொன்னாள். அமுலு கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் அந்த இடத்தில் நாலு சங்கரா மீன்தான் மிதந்தது.

ஆண்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடலில் ஆளைத் தேடிப் பழகியவர்கள், பழக்கத்தில் கடல் பக்கமாகவே தேடினார்கள். பத்து மணிக்கு ஜீப் வந்தது. அது அளவு எடுக்கும் நாள். வனரோஜா அழுது வீங்கிய முகத்தோடு அட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கோலைப் பிடித்தாள். "ரீடிங்?" என்று கேட்டது. எந்த மூச்சில் சொன்னாளோ, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "ஜீரோ சார்." மத்தியானம் இரண்டு மணிக்குத் தொத்தாவை எடுத்தார்கள். கடல் பக்கத்தில் இல்லை, தெருவின் மறுகோடியில், பள்ளிக்கூடத்துக்குக் கீழே. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவள் சொன்னாளோ அந்தப் பக்கம்தான் அது அவளைக் கொண்டுபோயிருந்தது. கடலோரத்தில் பிறந்து, கடலை வைத்துப் பிழைத்த ஒருத்தி, கடலுக்கு முதுகு காட்டிச் செத்துக் கிடந்தாள்.

நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதினார். நஷ்டஈடு வேண்டாம், நடந்ததை நடந்ததென்று ஒத்துக்கொண்டு அந்த வடிகாலை உடைத்துத் திருப்பிக் கட்டுங்கள் என்று தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. பதில் கடிதம் பதினோராம் நாள் வந்தது. தனக்கோட்டிக்குப் பிள்ளை கிடையாது என்பதால் வனரோஜாதான் வாங்கினாள், தெரு நடுவில் நின்று உரக்கப் படித்தாள்: "சம்பவ நாளன்று மேற்படி தெருவில் நீர் ஏதும் இல்லை என்பது அளவுப் புத்தகத்தால் தெரியவருகிறது. எனவே இறந்தவரின் உடலில் காணப்பட்ட நீர் எங்கிருந்து வந்தது என்பதையும், அதை அவர் தம்முடன் கொண்டுவந்தாரா என்பதையும் ஏழு நாட்களுக்குள் விளக்கவும்."

யாரும் அழவில்லை. அமுலு மட்டும் கேட்டாள்: "எத்தினி கொடத்துல கொண்டாந்தாளாம்? அதையும் எழுதிக் கேளேன்."

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை அளவெடுத்து, பணி நிறைவுச் சான்றில் கையெழுத்தாகும். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் சுக்கான் தெருவில் வெள்ளம் என்ற ஒன்று என்றென்றைக்கும் கிடையாது. பம்பு வராது, படகு வராது, வடிகாலைத் தொட ஒரு ஆள் வரமாட்டான், தொத்தா வறண்ட தரையில் மூழ்கிச் செத்தவளாகவே இருப்பாள். புத்தகத்தைப் பார் என்பார்கள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் வனரோஜா கூவிய ஜீரோ.

அந்த வெள்ளிக்கிழமை தொத்தாவுக்குப் பதினாறாம் நாள் கருமாதி. பௌர்ணமி, கடல் பெருக்கு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாமலே வடிகால் வழியாகக் கடல் ஏறி வந்து தெருவில் நின்றது. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் படத்தை வைத்து, மாலை போட்டு, தொத்தாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தலைவாழை இலையில் படைத்திருந்தார்கள். தெரு முழுக்கத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஒப்பாரி வைத்தது. அந்த ஒப்பாரிக்கு நடுவில் இரண்டு ஜீப் வந்தது. சந்தானகோபாலன், அவருக்கு மேலே தலைமை அலுவலகத்திலிருந்து வந்த செயற்பொறியாளர், சான்றிதழை உறையோடு ஏந்திக்கொண்டு ஒரு குமாஸ்தா. மூவரும் செருப்பும் ஷூவும் காயக் காய நடந்து வந்து, கல்வெட்டுக்குப் பக்கத்தில், தொத்தாவின் மூலையில் நின்றார்கள். என்னம்மா கூட்டம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கோலைப் புடிம்மா, ஐயாவுக்கு மீட்டிங் இருக்கு" என்றார் சந்தானகோபாலன், புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்து.

வனரோஜா கழுத்தில் அட்டை இருந்தது. காலில் ஈரம் இல்லை. தொத்தா விழுந்த வாய்க்குப் பக்கத்தில் கோலை நட்டாள். சுற்றிலும் அவளோடு பிறந்து வளர்ந்த ஜனம் தொடைவரை தண்ணீரில் நின்று அவளையே பார்த்தது. படகுகளின் மேலிருந்து தொத்தா பார்த்தாள், ரேஷன் கார்டுக்கு எடுத்த படம், 'நீ சொல்லேண்டி' என்கிற அதே முகம். கல்லாத்தா மேல் கோலை வைத்த அன்று தொண்டையில் நின்றுபோன வாக்கியம் இன்னும் அங்கேதான் கிடந்தது. அதை விழுங்காமலும் துப்பாமலும் ஒன்றரை வருஷம் சோறு தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. குனிந்து, கோலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த அந்த விரற்கடைச் சந்தைப் பார்த்தாள்.

"ரீடிங்?"

"எம்பத்தி நாலு சார்."

ஒப்பாரி நின்றது. அவ்வளவு பெரிய தெருவில் பேனா தாளில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம்; மூளைக்கு எட்டுமுன் கை எழுதிவிட்டது: 84 செ.மீ. எழுதி முடித்து, தேதி போட்டு, சுருக்கொப்பமும் வைத்த பிறகுதான் சந்தானகோபாலன் வாழ்க்கையில் முதன்முறையாகப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "என்னது?" என்றார்.

அந்த விரற்கடைச் சந்து மூடிக்கொண்டது. முதலில் வனரோஜாவுக்கு, ஜில்லென்று, மீன்செதிலும் சாக்கடையும் கடலுமாக, பாவாடையை நனைத்துத் தொடையைப் பிடித்தது. அவளுக்கு அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல இருந்தது. அடுத்தது கோல், எண்பத்து நாலு வரை கறுத்து நனைந்தது. அப்புறம் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில். ஐப்பசியிலிருந்து அவர்களைத் தொடாமல் ஒதுங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் வட்டியோடு பாய்ந்ததுபோல, செயற்பொறியாளர் "ஐயோ!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினார். குமாஸ்தாவின் கையிலிருந்த உறை நழுவி, பணி நிறைவுச் சான்று தண்ணீரில் விரிந்து, மையெல்லாம் கலங்கி, படையல் இலைப் பக்கமாக மிதந்து போனது. சந்தானகோபாலன் மட்டும் துள்ளவில்லை. புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்த தன் பேண்ட்டைக் குனிந்து பார்த்தபடியே நின்றார். தாளைக் கிழிப்பாரா, அடிப்பாரா என்று எல்லோரும் பார்த்தார்கள். கிழிக்கவில்லை. அந்த மனிதரிடம் இருந்த ஒரே நேர்மை அது ஒன்றுதான், அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். வனரோஜாவின் வேலை அன்று சாயங்காலமே போயிற்று. மட்டக்கல்லை அனுமதியின்றி உயர்த்தியது ஏன் என்று கேட்டுத் தெருவுக்கே நோட்டீஸ் வந்தது. கல்லாத்தா பேருக்கும் ஒரு பிரதி. ஆனால் அன்றிலிருந்து சுக்கான் தெருவுக்குள் கால் வைத்த அதிகாரி எவராக இருந்தாலும் நனைந்தார், நாறினார், வீட்டில் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். இந்த ஜனங்கள் நாற்பது வருஷம் தாங்கியதை அவர்களால் ஒன்பது நாள்கூடத் தாங்க முடியவில்லை. பத்தாம் நாள், வடிகாலை உடைக்கிற மிஷின் வந்தது.

அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை, தொடைவரை நனைந்து, நடுங்கிக்கொண்டு, செயற்பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். வீடுகளைப் பார்த்தார், செங்கல் மேல் நின்ற கட்டில்களைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார். எல்லாமே இப்போதுதான் முளைத்து வந்தவைபோல அவருக்கு இருந்தது. "இவ்ளோ தண்ணி..." என்றார், குரல் உடைந்து. "இவ்ளோ தண்ணி எங்கேர்ந்தும்மா வந்துது?"

வனரோஜா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கோலின் உச்சியில் மாட்டி, இரண்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க தொத்தா கூடவே கொண்டாந்தா சார்" என்றாள். "எழுதிக்கோங்க."